முடிச்சில் ஊதியவள்

பலகைத் தடுப்பில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தது. அதை அடைக்கச் சொல்லித் தம்பியை நச்சரித்தவள் ருக்கையாதான். அவன் அடைக்காமல் விட்டதும் ஒருவகையில் நல்லதற்குத்தான் என்று அன்று முற்பகல் அவளுக்குத் தோன்றியது. அந்த இடுக்கில் கண்ணை வைத்தவள் பார்த்தது இது: தம்பி பெண்டாட்டி ரொஸ்னா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் வெள்ளைத் துணி. துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, உள்ளே எதையோ வைத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுகிறாள். முடிச்சைத் தன் முழங்காலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் எதிலோ தொட்டு எடுத்து, வாய்க்கு அருகில் பிடித்து மெல்ல ஊதுகிறாள். பிறகு அடுத்த முடிச்சு. அதற்கும் ஓர் ஊதல்.

ருக்கையா இடுக்கிலிருந்து கண்ணைப் பிடுங்கிக்கொண்டாள். ஊதினால் என்ன, அதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் அவளைப்போல ஓதி வளர்ந்தவர்களாக இருக்க முடியாது. நாகூரில் சின்ன வயதில் அவளுக்கு ஓதிக்கொடுத்த லெப்பை வீட்டம்மா, படுக்கப் போகும்போது குர்ஆனிலிருந்து ஓதுகிற ஒரு சிறிய சூராவுக்குப் பொருள் சொல்லியிருந்தாள். முடிச்சுப் போட்டு அதில் ஊதுகிற பெண்களின் கெடுதியிலிருந்து நம்மைக் காக்கச் சொல்லிக் கேட்கிறோம் என்று. அன்றிலிருந்து தவறாமல் காவல் கேட்டு வந்தவளுக்கு, அப்படி ஒருத்தியைக் கண்ணால் காண்கிற பாக்கியம் மட்டும் வாய்க்காமலே இருந்தது. இப்போது அதுவும் வாய்த்துவிட்டது. எங்கோ இல்லை, சொந்த வீட்டில், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம்.

அவள் கூச்சல் போடவில்லை. ருக்கையா கூச்சல் போடுகிற ரகமில்லை, சந்தேகப்படுகிற ரகம். மீன்காரன் மீனைப் புரட்டிக் காட்டினால் முதல் பக்கத்தில் எதை மறைக்கிறான் என்பாள். புரட்டாவிட்டால் ஏன் புரட்டவில்லை என்பாள். அப்படிப்பட்டவள் சத்தமில்லாமல் பின்கட்டுக்குப் போய், கொடியை அண்ணாந்து பார்த்தாள். மாற்றுக்கு என்று அவளிடம் இருந்த இன்னொரு வெள்ளைச் சேலை சில நாளாகக் காணவில்லை. கேட்டதற்கு, "காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும்லா ராத்தா" என்று ரொஸ்னா சொல்லியிருந்தாள். அக்காளை அவர்கள் ராத்தா என்பது வழக்கம். அந்த வாரம் பூராவும் பினாங்கில் ஓர் இலை அசைந்திருந்தால் அது காக்கை உட்கார்ந்ததால் அசைந்திருக்கும். எங்கே இருந்து வந்தது காற்று?

இவர்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ருக்கையாவின் தம்பி காஜா மொய்தீன், கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் குடியிருந்துகொண்டு தெருத்தெருவாகச் சோறு விற்கும் நாசி கண்டார் வியாபாரம் செய்தவன். தோளில் ஒரு தண்டு. ஒரு பக்கக் கூடையில் சோற்றுப் பானை, மறுபக்கத்தில் ஆணச் சட்டிகள். ஆணம் என்றால் குழம்புதான். துறைமுகத்துக் கூலிகள் அவன் வருகிற வழியைப் பார்த்து நிற்பார்கள். அவர்கள் பார்த்து நின்றது அவனுக்காக இல்லை, ருக்கையா வைத்த மீன் ஆணத்துக்காக. "உன் ஆணத்தைத் தின்ன அக்கரையிலேருந்து ஒரு கடைக்காரரு வர்றாரு ராத்தா" என்று தம்பி ஒரு தடவை பெருமையாகச் சொன்னான். "ஏன், அக்கரையில மீனே இல்லையா?" என்று கேட்டாள் ருக்கையா. அதையும் அவள் சந்தேகத்தோடுதான் கேட்டாள்.

தாய் போனபிறகு அவள் இடுப்பில் வளர்ந்தவன் காஜா. நாகூரில் அவள் புருஷன் காய்ச்சலில் மௌத்தானதும், பிள்ளையில்லாத மருமகளைப் பார்த்துப் புகுந்த வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கப்பலேற்றிக் கூட்டிவந்தவன் தம்பிதான். வந்த மறுநாளே அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சேலைக்காரிக்கு இந்தச் சீமையில் இருந்த ஒரே இடம் அந்த அடுப்படி. அது போனால் எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தால், கடல்தான் தெரிந்தது.

அந்த வீட்டுக்குள்தான் ரொஸ்னா வந்தாள். தகப்பன் நாகூர்க்காரர், தாய் பாலிக் புலாவைச் சேர்ந்த மலாய்க்காரி. தமிழ் பேசுவாள், வாக்கியத்துக்கு ஒரு லா போடுவாள். சிரித்த முகம். ருக்கையாவுக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் பிடிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறாள்? புது மருமகள் அடுப்படிப் பக்கம் வந்து, "நான் அரைச்சுத் தரவா ராத்தா?" என்றால், "வேணாம், நீ போய் உக்காரு" என்பாள் ருக்கையா. ஆணம் கொதிக்கிற நேரத்தில் ரொஸ்னா வந்துவிட்டால் முதுகைத் திருப்பிக்கொண்டு, மடியிலிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டு உதட்டை அசைப்பாள். தொழில் ரகசியத்தை வந்தவள் போனவளுக்கெல்லாம் காட்ட முடியுமா?

முடிச்சைப் பார்த்த பிறகு, முன்னால் பார்த்ததெல்லாம் வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் வேர். போன மாதம் ரொஸ்னாவின் தாய் நோர்மா வந்தபோது ஜாதிக்காயும் டுரியானும் கொண்டுவந்தாள். அதோடு வாழை இலையில் பொதிந்து ஒரு கட்டு வேரையும் கொண்டுவந்து, மகளிடம் ஒதுக்கமாகக் கொடுத்தாள். தின்கிற வேராக இருந்தால் நடு வீட்டில் கொடுக்க வேண்டியதுதானே? அப்புறம் படிகாரம். கண்ணேறு படாமல் இருக்க நிலைப்படியில் ருக்கையா தன் கையால் கட்டித் தொங்கவிட்டிருந்த படிகாரக் கட்டி ஒருநாள் காணாமல் போயிற்று. கயிறு மட்டும் தொங்கியது. எலி தின்றது என்று வைத்துக்கொள்ளலாம் என்றால், எந்த எலி முடிச்சை அவிழ்த்துப் படிகாரம் தின்னும்? எல்லாவற்றுக்கும் மேலே தம்பி. அவன் இப்போதெல்லாம் அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. இவள் உள்ளே வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்துகிறார்கள். அக்கரையில் இருக்கிற பிறை ஊருக்குப் படகேறி, அங்கிருந்து சிம்பாங் அம்பாட்டுக்குப் போய் வருகிறான். எதற்கு என்று கேட்டால், "சும்மா ராத்தா." சும்மா போகிறவன் வெள்ளைத் தொப்பியும் புதுக் கைலியுமாகவா போவான்?

நெஞ்சு தாங்காமல் பக்கத்து வீட்டு நூர் பீவி மாமியிடம் போய்ச் சொன்னாள். அந்தச் சந்தில் நூர் பீவிக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை, தெரிந்த பிறகு பெரிதாகாமல் இருந்ததும் இல்லை. மாமி வெற்றிலையை மென்றபடி முழுவதையும் கேட்டாள்.

"வேரு, முடிச்சு, ஊதல். வேறென்ன வேணும் உனக்கு? பாலிக் புலாவ் பக்கம் எவனோ ஒரு போமோ சொல்லிக் குடுத்திருக்கான்" என்றாள். மலாய்க்கார மந்திரவாதியை அங்கே போமோ என்பார்கள். "உன்னைய இந்த வீட்டை விட்டுக் கிளப்பறதுக்குத்தான். தம்பி அக்கரையில வீடு பாக்கறான் போல. அவளக் கூட்டிக்கிட்டுப் போயிடுவான். நீ இங்க சொவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே."

"என்ன செய்யறது மாமி?"

"அவ இல்லாத நேரமாப் பாத்து அவுத்துடு. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஓதிக்கிட்டே அவுக்கணும். ஒண்ணு சொல்றேன், கத்தி கித்தி வைக்காதே. அறுத்தா உள்ள இருக்கிறது உன் மேலயே பாயும்."

மறுநாள் காலையில் காஜா தண்டைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ரொஸ்னாவும் பசாருக்குச் சாமான் வாங்கக் கிளம்பினாள். அவள் சந்து முனை திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டு, ருக்கையா தம்பியின் அறைக்குள் நுழைந்தாள். கட்டிலுக்கு அடியில் மூங்கில் கூடை. கூடைக்குள், அவள் நினைத்தபடியே, அவளுடைய வெள்ளைச் சேலை. அடையாளம் தெரியாதபடி சுருங்கிப்போய், முடிச்சு முடிச்சாக, தொட்டால் விரலில் குத்துகிற மாதிரி மாறியிருந்தது. ஒன்றா இரண்டா, தலைப்பிலிருந்து உடல் பகுதிவரை வரிசை வரிசையாக முடிச்சு. தன்னை இத்தனை பாடுபட்டு வெறுக்க ஒருத்தியால் முடியுமா என்று நினைத்தபோது ருக்கையாவுக்கு அழுகை வந்தது.

அழுதுகொண்டே உட்கார்ந்தாள். ஓதிக்கொண்டே அவிழ்த்தாள். நகம் நுழையாத முடிச்சைப் பல்லால் பிடித்து இழுத்தாள். மேலே மஞ்சளாக ஒட்டியிருந்தது செதில் செதிலாக உதிர்ந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அரிசி இருந்தது. அவள் வடிக்கிற சோற்றுக்கு அளந்து போடுகிற அதே அரிசி. அவளுடைய சேலை, அவளுடைய அரிசி, அவளுக்கே செய்வினை. தலைப்புப் பூராவும் அவிழ்த்து முடித்து, உடல் பகுதிக்கு வந்திருந்தாள். அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பசார்க் கூடையை மறந்துவிட்டுப் போன ரொஸ்னா பாதி வழியில் திரும்பியிருந்தாள்.

"ராத்தா, என்ன பண்றீங்க?"

ருக்கையா எழுந்திருக்கவில்லை. சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கட்டினத அவுக்கறேன்."

"அதை எதுக்கு அவுத்தீங்க? எத்தன நாளா கட்டினேன் தெரியுமா?"

"எதுக்கா? என் சேலைய எடுத்து ஒளிச்சு வச்சு, முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு முடிச்சு ஊதினியே. என் ரெண்டு கண்ணால பாத்தேன். என்னத் துரத்தறதுக்கு எந்தப் போமோகிட்ட கத்துக்கிட்டே?"

ரொஸ்னாவுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் சுண்டிவிட்டது. எப்போதும் இருக்கிற அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பாய் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எங்க வாப்பாவும் நாகூர்தான் ராத்தா. அதே சூராவ எனக்கும் ஓதிக் குடுத்திருக்காரு."

ரொஸ்னா கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து நடுவில் வைத்தாள். அடியில் மஞ்சளாக என்னமோ உறைந்திருந்தது.

"தேன்மெழுகு. உருக்கி முடிச்சு மேல தொட்டு வச்சா சாயம் உள்ள போகாது. சூட்டோட விட்டா வழிஞ்சிடும்லா. அதான் ஊதி ஆற வச்சேன்."

"அரிசி எதுக்கு?"

"உள்ள ஒரு அரிசி வச்சுக் கட்டினாத்தான் முடிச்சு சின்னதா உருண்டையா நிக்கும்."

"வேரு?"

"மஞ்சணத்தி வேரு. பட்டைய இடிச்சு ஊற வச்சா சிவப்பு இறங்கும். எங்கம்மா வீட்டுல எல்லாத் துணிக்கும் அதான் போடுவாங்க."

"நெலப்படியில இருந்த படிகாரத்த எலி தின்னுச்சா?"

"அது நான்தான். படிகாரத் தண்ணியில முக்கலேன்னா சாயம் துணியில ஒட்டாது. கேட்டா எதுக்குன்னு கேப்பீங்க. பசார்ல வேற வாங்கிக் கட்டிடலாம்னு இருந்தேன்."

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கையில் இருந்தது. ருக்கையாவுக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. இத்தனை நேரான பதிலை ஒருத்தி முன்கூட்டியே யோசித்து வைக்காமல் சொல்ல முடியுமா?

"எல்லாம் சரி. நான் வெள்ளை கட்டறவ. என் சேலைக்கு எதுக்குடி சாயம்?"

ரொஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். தரையில் சிதறிக் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

"அத உங்க தம்பிகிட்ட கேளுங்க."

ஆக, பதில் இல்லாதது ஒரே ஒரு கேள்விக்கு. அதுதான் இருப்பதிலேயே பெரிய கேள்வி.

"பாதி அவுத்துட்டீங்க. திரும்பக் கட்ட நேரமில்ல. இப்படியே முக்கிடறேன்" என்று எழுந்தாள் ரொஸ்னா.

"எதுக்கு நேரமில்ல?"

ரொஸ்னா சேலையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

பின்கட்டில் விறகுக்குப் பின்னால் மூடி வைத்திருந்த ஒரு பழைய மண்பானையில் சாயத் தண்ணீர் தயாராக இருந்தது. ரத்தம் உறைந்த நிறம். மெழுகு உருகக் கூடாது என்று கை பொறுக்கும் அளவுக்குத்தான் அதைச் சூடாக்கினாள். சேலையை உள்ளே அமுக்கினாள். வெள்ளை முங்கி மறைந்தது. வேறெதையாவது உள்ளே போட்டுவிடுவாளோ என்று ருக்கையா பானைக்குப் பக்கத்திலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "காவலுக்கு இருக்கறதுன்னா அப்பப்ப கிண்டி விடுங்க, இல்லாட்டி திட்டுத் திட்டா ஆயிடும்" என்று சொல்லி ஒரு கோலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள் ரொஸ்னா. வேறு வழி? செய்வினைக்குக் காவல் இருக்க வந்தவள் அன்று பகல் பூராவும் தன் சேலைக்குத் தானே சாயம் போட்டுக்கொண்டிருந்தாள்.

காஜா அசர் தொழுகை நேரத்துக்கு வீடு திரும்பினான். பின்கட்டில் அக்காளையும் பானையையும் பார்த்ததும் தண்டை இறக்காமலே நின்றுவிட்டான்.

"சிம்பாங் அம்பாட்டுல என்னடா?" என்று கேட்டாள் ருக்கையா.

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். "இனிமே என்னத்த மறைக்கறது, சொல்லுங்க" என்றாள் அவள்.

சொன்னான், மென்று விழுங்கிச் சொன்னான். சிம்பாங் அம்பாட் நாற்சந்தியில் சுலைமான் என்று ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். பெண்டாட்டி இறந்து கொஞ்ச காலம் ஆகிறது. சரக்கு வாங்கத் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் காஜாவிடம்தான் சோறு. இந்த ஆணம் யார் கை என்று கேட்டவர், அக்காள் என்று தெரிந்ததும் பெண் கேட்டுவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வருவதாகப் பேச்சு.

"ஊரெல்லாம் பேசியாச்சு. என்னக் கேட்டியா?"

"நீ வேணாம்னுடுவேன்னு பயமாருந்துச்சு ராத்தா."

"அப்ப நூர் பீவி மாமி சொன்னது சரிதான். என்னைய இந்த வீட்ட விட்டுக் கிளப்பறீங்க."

"அப்படி இல்ல ராத்தா, உனக்குன்னு ஒரு வாழ்க்கை..."

"நீ சும்மா இரு. இவ சொல்லட்டும்" என்று ரொஸ்னா பக்கம் திரும்பினாள் ருக்கையா. "பொய் சொல்லாம சொல்லு. என்னக் கிளப்பணும்னுதானே?"

காஜா நடுவில் வாயைத் திறந்தான். ரொஸ்னா அவனைக் கையமர்த்தினாள்.

"ஆமா ராத்தா" என்றாள். "எனக்கு இந்த அடுப்பு வேணும். நான் வச்ச ஆணத்த ஒரு நாளாச்சும் இவரு தோள்ல தூக்கிட்டுப் போகணும். நீங்க இருக்கற வரைக்கும் அது நடக்காது. நடக்க விடவும் மாட்டீங்க. ஆனா உங்கள அழ வச்சு அனுப்பணும்னு நெனைக்கல. வெள்ளச் சேலையோட ஒருத்தர் முன்னால உங்கள நிறுத்தவும் எனக்கு மனசு வரல. அதான் கட்டினேன்."

அதோடும் அவள் விடவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன். நீங்க என்னைப் பத்தி நெனச்சதத்தான் நானும் உங்களப் பத்தி நெனச்சேன். நான் வந்தா முதுகத் திருப்பிக்கிறீங்க. மடியிலேருந்து என்னமோ எடுத்துப் போடுறீங்க. வாய்க்குள்ள முணுமுணுக்கறீங்க. அதத்தான் என் புருஷன் தினம் திங்கறாரு. நான் வேற என்னன்னு நெனைக்கறது? எங்கம்மாகிட்ட சொல்லி ஓதின தண்ணி வாங்கி வச்சிருக்கேன். வாரா வாரம் இவருக்குத் தெரியாம இவரு குடிக்கிற தண்ணியில ஊத்தறேன்."

காஜா தன் பெண்டாட்டியை ஒரு மாதிரி பார்த்தான். இதுநாள்வரை என்னத்தையெல்லாம் தின்றோம், குடித்தோம் என்று பாவம், அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

கண்டவரையெல்லாம் சந்தேகப்பட்டே காலம் தள்ளிய ருக்கையாவுக்கு, தன்னையும் ஒருத்தி சந்தேகப்படலாம் என்பது அன்றுவரை தோன்றியதே இல்லை. கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதுதான் வேடிக்கை. இந்த வீட்டில் இத்தனை மாதமாக எல்லாரும் அவளிடம் நல்லதையே பேசினார்கள், அவள் ஒன்றையும் நம்பவில்லை. எனக்கு உன் அடுப்பு வேண்டும் என்று ஒருத்தி முகத்துக்கு நேராகச் சொன்னதும் அதை அப்படியே நம்ப முடிந்தது.

"துணிய எடுத்துக் காயப் போடு. மத்தத அப்புறம் பாக்கலாம்" என்று எழுந்து, தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளூ செய்யப் போனாள்.

மறுநாள் காய்ந்த சேலையை நடுவில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மீதி முடிச்சை அவிழ்க்க வேண்டும். ருக்கையாவுக்கு இப்போது கை பழகியிருந்தது. ரொஸ்னாவைவிட வேகமாக அவிழ்த்தாள். உதடு தன் பழக்கத்தில் ஓதிக்கொண்டிருந்தது. ரொஸ்னா அதைக் கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு முடிச்சும் பிரிந்ததும் அரிசி உதிர்ந்து, அது இருந்த இடத்தில் பொட்டுப் பொட்டாக வெள்ளை வட்டம் தெரிந்தது. வேலை முடிந்து சேலையை விரித்தபோது உடல் பகுதி முழுக்க வெள்ளை வட்டங்கள். தலைப்பு மட்டும் ஒரு புள்ளி இல்லாமல் ஒரே சிவப்பு.

ரொஸ்னா உதட்டைப் பிதுக்கினாள். "தலைப்புலதான் நல்ல பூவாக் கட்டியிருந்தேன். நான் கட்டின எடமெல்லாம் வெள்ளையாவே நின்னுடுச்சு. நீங்க அவுத்த எடத்துலதான் முழுசாச் செவந்திருக்கு" என்றாள். வேலை கெட்டுப்போன வருத்தத்தில் சொன்னாளே தவிர, அவள் மனதில் வேறொன்றும் இல்லை.

ருக்கையா தலைப்பை எடுத்துக் கையில் சுற்றிப் பார்த்தாள். கெட்டது தொலையட்டும் என்று அழுது அழுது அவிழ்த்த இடம் அது. சாயம் வேண்டாம் என்று நினைத்திருந்தால் முடிச்சுகளை அப்படியே விட்டிருக்க வேண்டும். முடிச்சுதான் வெள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது. இவள் காவல் தேடித் தேடி, ஓதி ஓதி, தன் கையாலேயே நிறத்துக்கு வழி திறந்துவிட்டிருக்கிறாள். புருஷன் இறந்த நாளிலிருந்து கண்ணாடி பார்க்காதவள் எழுந்துபோய், தம்பியின் அறையில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைப்பைத் தோளில் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"அவரு வரட்டும்" என்றாள் தம்பியிடம். "ஆனா நீங்க பேசி முடிக்கிற பேச்சு கிடையாது. கேக்க வேண்டியத நான் கேப்பேன்."

வெள்ளிக்கிழமை சுலைமான் வந்தார். நரை ஓடிய தாடி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முன்னறையில் திரை கட்டியிருந்தது. திரைக்குப் பின்னால் சிவப்புச் சேலையில் ருக்கையா. காஜா ஒரு வார்த்தை பேசுவதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"மொதல் சம்சாரம் எதுல மௌத்தானாங்க?"

காஜாவுக்கு வியர்த்துவிட்டது. சுலைமான் பதறாமல் பதில் சொன்னார். "வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில வச்சும் பாத்தோம். நடக்கல."

"ஒங்க வீட்டு அடுப்படியில இப்ப யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அவ போனதுக்கப்புறம் பத்த வைக்கல. பூனை ஒண்ணு அதுல படுத்துக்கும்."

அந்தப் பூனையைப் பற்றி ருக்கையா யோசித்திருப்பாள்.

"பூனைய எழுப்பி விடச் சொல்லு தம்பி" என்றாள் கடைசியில்.

நிக்காஹ் அன்று காலை வியாபாரத்துக்கு விடுமுறை இல்லை. கூலிகளுக்குப் பசி விடுமுறை விடுமா? ருக்கையா எப்போதும்போல மீனைக் கழுவி, புளியைக் கரைத்து, ஆணத்தைக் கூட்டினாள். கொதி வந்தது. ரொஸ்னா அடுப்படி வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. ருக்கையாவின் முதுகு பழக்கத்தில் திரும்பப் போயிற்று. பாதியில் நின்று, நேராகத் திரும்பி, மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்துத் திறந்து ரொஸ்னாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு."

"வெந்தயம்" என்றாள் ரொஸ்னா. "சோம்பு."

"வறுத்துப் பொடிச்சது. எறக்கப் போறப்ப ஒரு சிட்டிகை. முன்னாடியே போட்டா கசந்துடும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

ரொஸ்னா சட்டியைப் பார்த்தாள், பிறகு ருக்கையாவைப் பார்த்தாள். இன்னும் எதுவோ பாக்கியிருந்தது அவளுக்கு.

"அப்ப வாய்க்குள்ள முணுமுணுப்பீங்களே, அது?"

"பிஸ்மில்லா சொல்வேன்."

"அதுக்கப்புறமும் ஒதடு அசையும். நான் பாத்திருக்கேன்."

ருக்கையா ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டியில் தூவினாள். நெற்றி வேர்வையை அந்தச் சிவப்புத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் ஒன்னத் திட்டுவேன்" என்றாள். "தினம்."

ரொஸ்னா சிரித்தாள். ருக்கையாவுக்குப் பிடிக்காத அதே சிரிப்பு. ஏன் சிரிக்கிறாள் என்று இன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நானும் ஊதும்போது கொஞ்சம் திட்டிக்கிட்டுத்தான் ஊதினேன் ராத்தா" என்று சொல்லி உள்ளே வந்து, அவள் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டாள்.